கடைமடை

மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்களிடம் வர இருபது நாள் என்பார்கள்.
சில வருஷம் முப்பது.
சில வருஷம் செய்தி மட்டும் வரும்.

தலைஞாயிறுக்குக் கிழக்கே
வாய்க்காலின் கடைசி ஷட்டருக்கு
லஸ்கர் என் புருஷன் தைரியநாதன்.
தூங்கும்போதும் சாவி இடுப்பில் இருக்கும்.

ஊர் தண்ணீரைப் பார்த்திருக்க
அவர் வானத்தைப் பார்த்திருந்தார்.
சபையில் நாள் நெருங்கிவிட்டதென்றார்கள்.
கீற்று மாற்றலாமா என்று கேட்டால்
"இன்னும் எத்தனை மழைக்கு?" என்பார்.
மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும்
அதே பதில்.

ஒரு வியாழன் இரவு
மதகடியில் பைக் சறுக்கியது.
எக்காளம் ஏதும் ஊதவில்லை.
கல்லில் தலை மோதிய சத்தம்
தேங்காய் விழுந்ததுபோல் இருந்ததாம்,
பார்த்தவன் சொன்னான்.

தஞ்சாவூரில் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து
வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள்.
வீக்கம் வடிந்ததும் பொருத்துவோம்,
அதுவரை அங்கே கெடாமல் இருக்கும்.
துடைத்துவிடும்போது
கைக்குத் தட்டுப்படும்,
காத்திருக்கும் எலும்பு.

நாற்பது நாள் சபையே வந்தது.
எண்ணெய் பூசினார்கள், உபவாசம் இருந்தார்கள்.
பிறகு "விசுவாசம் போதவில்லை" என்று
யாரோ சொன்னது காதில் விழுந்தது.
யாருடைய விசுவாசம் என்று நான் கேட்கவில்லை.
வாசலில் செருப்பு குறைந்தது.

எல்லா வார்த்தையும் போய்
ஒன்று மட்டும் அவரிடம் தங்கியது.
சோறு வேண்டுமென்றால் சாவி.
வலித்தால் சாவி.
மகளும் சாவி, நானும் சாவி.
ஒருநாள் என்னை அறைந்துவிட்டு
அழுதபடி அதையே
விடியும்வரை சொன்னார்.

புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கு
பிசியோதெரபி தம்பி வருவான்.
வேப்பமரத்தடி பெஞ்சில் ஐந்து குடும்பம்,
ஐந்து உடைந்த தலை.
முதல் பேச்சு ஒரு டயாபர் கடனில் தொடங்கியது.
தென்னையிலிருந்து விழுந்தவரின் மனைவி வடிவாம்பாள்
மெதுவாகக் கேட்டாள்: "அடிக்கிறாரா?"
ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.
அவள் தூக்கில் இருந்த புளிச்சோற்றை
மூக்கு ஒழுக ஒழுகத் தின்றேன்.

லாரி கிளீனரின் தங்கை இமாகுலேட்
திருவாரூரில் சரித்திரம் படிக்கிறவள்.
அவள்தான் சொன்னாள்:
முதன்முதலில் நம்பியவர்கள்
தாங்கள் சாகவே மாட்டோமென்று நினைத்தார்களாம்.
அவ்வளவு சீக்கிரம் வருவார் என்று.
வேலையை விட்டவர்களும் உண்டாம்.
பிறகு ஒருத்தி செத்தாள்.
ஒரு தச்சன் செத்தான்.
வரவேண்டியவர் வரவில்லை.

அப்புறம் என்ன செய்தார்கள்?

விதவைகளுக்குச் சோறு போட்டார்கள்.
செத்தவர்களைப் புதைத்தார்கள்.
மறுவாரமும் அதே மேசைக்கு வந்து
"வாரும்" என்று சொல்லிவிட்டுப்
பாத்திரம் கழுவினார்கள்.

பாத்திரம் கழுவியது
அவளாகச் சேர்த்ததாக இருக்கும்.

கடைமடைக்காரிக்கு இது புரியாததா?
வருமென்று நம்பியா நாற்றங்கால் உழுகிறோம்?
உழாமல் விட்டபின் வந்து நின்றால்
தண்ணீரின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஐப்பசிக்கு முன்னால் தகரம் போட்டோம்.
காசிம் ராவுத்தர் மேலே ஏறினார்.
அவர் மகன் கட்டிலில் கிடந்தபடி
ஆணிகளை எண்ணினான், ஏழுக்குப்பின் மறந்து
மறுபடி ஒன்றிலிருந்து.
தென்னையிலிருந்து விழுந்தவர்
ஏணியைப் பிடித்துக்கொண்டு
கீழேயே நின்றார்.

இந்த வருஷம் இருபத்தாறாம் நாள் தண்ணீர்.
முதலில் கேட்டது அவருக்குத்தான்.
இடதுகாலை இழுத்துக்கொண்டு
மதகுவரை நடந்தார்,
நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு அது வர
ஷட்டர் சக்கரத்தில் கைவைத்து
"சாவி" என்றார்.

சோறா, வலியா, நானா என்று
ஒரு நிமிஷம் விழித்தேன்.

சாவியேதான்.

அது புது லஸ்கரிடம் இருக்கிறது.
வாங்கிவர
காசிம் சைக்கிளில் போயிருக்கிறார்.